மும்மீன் அமைப்புகளுக்கு ரீபவுண்ட்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஈர்ப்பால் வான்பொருள்கள் காலப்போக்கில் எப்படி நகரும் என்று கணினியில் படிப்படியாகக் கணக்கிட்டு ஓட்டும், கோள்களின் இயக்கத்தை ஆராய்வோரிடையே பெரிதும் புழங்கும் ரீபவுண்ட் என்ற கட்டற்ற மென்பொருளை, நெருங்கிச் சுற்றும் மும்மீன் அமைப்புகளுக்காக, அதாவது ஈர்ப்பால் பிணைந்த மூன்று விண்மீன்களின் தொகுதிகளுக்காக, சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறேன். இப்பணிக்கும் அது முழுத் தகுதி உடையது என்பது என் முடிவு. ஆயினும் அதன் விடைகளைப் படிக்கும் விதத்தில் கவனம் வேண்டும்.

2024-இல் அறிவிக்கப்பட்ட டிஐசி 290061484 என்ற பட்டியல் எண் கொண்ட அமைப்பில், உள் இணையான இரு விண்மீன்கள் ஒன்றையொன்று 1.8 நாளிலும், அவ்விணையை மூன்றாவது விண்மீன் 24.5 நாளிலும் சுற்றுகின்றன. வெளிச்சுற்றுக்காலத்தின் வர்க்கத்தை உள்சுற்றுக்காலத்தால் வகுத்தால் கிடைக்கும் ஏறத்தாழ 330 நாள் என்பதே, இங்கே சுற்றுப்பாதைகள் உருமாறும் கால அளவு. ஆகவே கோடிக்கணக்கான ஆண்டுகள் ஓட்டுவதைவிட, சில பத்தாண்டுகளைத் துல்லியமாக ஓட்டுவதே முதல் தேவை. அதற்கு, கணக்கீட்டின் ஒவ்வொரு காலப்படியின் நீளத்தையும் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஐஏஎஸ்15 முறையையே நம்புகிறேன். அதில் ஆற்றல் பிழை (மாறாதிருக்க வேண்டிய மொத்த ஆற்றலில் கணக்கீட்டால் நேரும் விலகல்) கணினியின் எண் துல்லிய எல்லையை ஒட்டியே நிற்கிறது. விரைவுக்குப் பெயர்பெற்ற டபிள்யூஎச்ஃபாஸ்ட் முறை, கோள்கள் ஒன்றுக்கொன்று தரும் ஈர்ப்பு இடையூறு சிறிதாக இருக்கும் கோள் அமைப்புகளை மனத்தில் கொண்டு உருவானது என்பதால் இங்கே அதை நாடுவதில்லை.

மூன்றாவது விண்மீனைச் சேர்க்கும்போது, முன்னிரண்டின் பொது நிறைமையத்தைச் சுற்றியே அதன் பாதையை மென்பொருள் தானாக அமைத்துவிடுவது பெரிய வசதி. ஆனால் அது தரும் சுற்றுக்காலம் அந்தந்தக் கணத்துக்கு உரியது. மூன்றாவது விண்மீன் தன் பாதையில் உள் இணைக்கு மிக அருகே வரும் அண்மைப்புள்ளியை நெருங்கும்போது, உள் இணையின் சுற்றுக்காலமும் மையப்பிறழ்ச்சியும் (பாதை வட்டத்திலிருந்து நீளும் அளவு) ஏறி இறங்குவதைத் திரையில் தெளிவாகக் காணலாம். தொலைநோக்கி அளப்பதோ, ஒரு விண்மீன் மற்றொன்றை மறைக்கும் கிரகணங்களுக்கு இடைப்பட்ட காலத்தை. இரண்டையும் நேரடியாக ஒப்பிடுவது பொருந்தாது. எனவே, இரு விண்மீன்களும் வானில் மிக அணுகித் தோன்றும் கணங்களைக் கணக்கிட்டு, ஒளி வந்துசேரும் நேரத் திருத்தத்தையும் நாமே சேர்த்து, கிரகண நேரங்களாகவே ஒப்பிட வேண்டும். எனக்கு மிகுந்த நிறைவைத் தரும் பகுதியும் இதுதான்.

விண்மீன்களை இது புள்ளிகளாகவே கருதுகிறது. அருகருகே உள்ள விண்மீன்கள் ஒன்றையொன்று இழுத்து உருமாற்றும் ஓத விசைக்கும், ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் திருத்தத்துக்கும் ரீபவுண்ட்எக்ஸ் என்ற துணைத் தொகுப்பு உண்டு. 1.8 நாள் இணைக்கு அதைச் சேர்த்தே ஓட்டுவது நல்லது.

இரண்டு இணைகள் ஒன்றையொன்று சுற்றும் நான்மீன் அமைப்புகளில் மேற்சொன்ன தானியங்கி வசதி உதவாது. அங்கே ஒவ்வோர் இணையையும் தனித்தனியே அமைத்து, அவற்றின் நிறைமையங்களை வெளிப்பாதையில் நிறுத்தி, நால்வரின் இடத்தையும் வேகத்தையும் நாமே கொடுக்க வேண்டியிருக்கிறது.