'ஆட்டோ செக் இருக்கு' என்று விற்கப்படும் பாலிஹவுஸ் கன்ட்ரோலர்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய குடில்) வைத்திருப்பவர்களுக்கு முக்கியமாக இந்தப் பதிவு. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு வைத்த, மெமரி கார்டிலிருந்து இயங்கும் கன்ட்ரோலர் பெட்டியைக் கோவையிலிருந்து வந்து மாட்டிக் கொடுக்கும் ஒருவரிடம் வாங்கினேன். விவகாரம் இன்னும் முடியாததால் பெயர் போடவில்லை.

கார்னேஷன் பூக் குடிலில் வெப்பநிலை பார்த்து ஃபாகரை (பனிபோல நீர் தூவும் கருவி) ஓட்டுவதுதான் அதன் வேலை. இங்கே கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போகும், தாங்குமா என்று வாங்கும்போதே கேட்டேன். "அதெல்லாம் பிரச்சினையே இல்லைங்க. கரண்ட் வந்ததும் அதுவே கார்டை செக் பண்ணி, தப்பு இருந்தா சரி பண்ணிட்டுத்தான் ஸ்டார்ட் ஆகும்" என்றார். பில்லிலும் 'ஆட்டோ டிஸ்க் செக்' என்று போட்டிருக்கிறது.

கோடை மழை ஆரம்பித்தது. காலையில் சுள்ளென்று வெயில், மதியத்துக்கு மேல் இடி, உடனே கரண்ட் கட். ஒருநாள் காலை குடிலுக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது, திரையில் 17.4 டிகிரி. பக்கவாட்டுத் திரையைச் சுருட்டிவிட்டு வந்து பார்த்தாலும் 17.4. முந்தின நாள் மழையில் பதிவான எண்ணோடு அப்படியே நின்றிருக்கிறது. ஃபாகர் ஓடவே இல்லை. வெப்பம் இப்படி ஏறி இறங்கினால் கார்னேஷன் மொட்டின் அடிப்பச்சை பிளந்துவிடும், பிளந்த பூவை யாரும் நல்ல விலைக்கு எடுக்க மாட்டார்கள்.

போன் செய்தால், "இடி இறங்கியிருக்கும்ங்க, அதுக்கு வாரன்டி வராது, கார்டு மாத்தணும்" என்று 2,500 ரூபாய் வாங்கினார். புதுக் கார்டும் அடுத்த மழைகளில் அதே கதி.

தங்கச்சி மகன் லீவுக்கு வந்தபோது கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான். "மாமா, செக் நடக்காம போகல. நடக்கவே கூடாதுன்னு எழுதி வச்சிருக்காங்க" என்றான்.

ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸை அப்படியே கார்டில் எழுதினால், துவக்கக் கட்டளைகள் இருக்கும் சிஎம்டிலைன் கோப்பில் எஃப்எஸ்சிகே.ரிப்பேர்=யெஸ் என்று இருக்கும். எஃப்எஸ்சிகே என்பதுதான் கார்டைச் செக் செய்யும் புரோகிராம். துவங்கும்போது பிழை தெரிந்தால் யாரையும் கேட்காமல் சரிசெய் என்று அர்த்தம். என் கார்டில் அதை எடுத்துவிட்டு எஃப்எஸ்சிகே.மோட்=ஸ்கிப், அதாவது செக்கையே விட்டுவிடு என்று போட்டிருந்தது. எந்த பார்ட்டிஷனை எப்படிச் சேர்ப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ரூட் (ஓஎஸ் இருக்கும் பகுதி) வரியின் கடைசி எண் 1 இருக்க வேண்டிய இடத்தில் 0. 0 என்றால் செக் வேண்டாம் என்று அர்த்தம். செக் நடந்தால் துவங்க நேரமாகும், சமயத்தில் பிழைச் செய்தியும் வரும், வாங்கியவர் போன் செய்வார். அந்தத் தொல்லை வேண்டாம் என்று நிறுத்தியிருப்பார் போல.

கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பேடு உண்டு. கரண்ட் போய் அரைகுறையாக நின்றதை அது ஒழுங்கு செய்துவிடும். அதனால்தான் ஆரம்பத்தில் எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் கார்டே தப்பாக எழுதிய இடங்களை ஜர்னல் கண்டுகொள்ளாது, முழு செக் ஓட்டினால்தான் தெரியும். எங்கள் கார்டில் பிழைகள் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) கார்டை 'ரீட் ஒன்லி', அதாவது படிக்க மட்டும் என்று ஆக்கிவிட்டது. புது எண்ணை எழுத வழியில்லாமல் புரோகிராம் பழையதையே காட்டிக்கொண்டிருந்தது. கார்டின் உண்மையான கொள்ளளவைப் பார்க்கும் எஃப்3 என்ற டெஸ்ட்டில், '32 ஜிபி' என்று போட்ட அந்தக் கார்டும் போலி என்று தெரிந்தது. அது தனிக் கதை.

எஃப்எஸ்டேப்பில் 1 போட்டாலே முழு செக் நடந்துவிடாது. ஃபைல் சிஸ்டம் தன்னைச் 'சுத்தம்' என்று குறித்து வைத்திருந்தால் செக் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஒவ்வொரு முறையும் முழுதாகப் பார்க்க எஃப்எஸ்சிகே.மோட்=ஃபோர்ஸ் வேண்டும், அல்லது டியூன்2எஃப்எஸ் என்ற கருவியில், எத்தனை மவுன்ட்டுக்கு (துவக்கத்துக்கு) ஒரு செக் என்ற எண்ணிக்கையை 1 ஆக்க வேண்டும். 'மாதம் ஒருமுறை' என்று நாள் கணக்கில் வைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பை 4 மாடல் வரை அந்த போர்டில் கடிகாரச் சிப்பே கிடையாது, நெட் இல்லாவிட்டால் தேதி தப்பும்.

விற்றவரிடம் விஷயத்தைச் சொன்னதும், "ஓடட்டும்ங்க, நானே ரிமோட்ல செக் பண்ணித் தர்றேன்" என்றார். ஓடிக்கொண்டிருக்கும் ரூட் பார்ட்டிஷனில் எஃப்எஸ்சிகே ரிப்பேர் ஓட்டினால் இருப்பதும் கெட்டுப்போகும். இதுகூடத் தெரியாமலா தொழில் செய்கிறார்? மறுத்துவிட்டேன்.

பணத்தைத் திருப்பித் தர முடியாது என்கிறார். ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இதே மாதிரி பெட்டி வாங்கியவர்கள் கார்டை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் முழுசாக ஒரு நகல் எடுத்து, அந்த இரண்டு கோப்புகளையும் படம் பிடித்து பில்லோடு வையுங்கள். அப்புறம் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.