பாரிஸ் மணியும் புதுச்சேரி மணியும்: பைத்தான் சோன்இன்ஃபோ தேறுமா?

விடுதி புக்கிங், ஆன்லைன் பிரெஞ்சு வகுப்பு, பாரிஸ் சொந்தங்களோடு வீடியோ கால் என்று புதுச்சேரியில் எதற்கு ஆப் எழுதினாலும் காலை வாருவது மணிக்கணக்குதான். பாரிஸ் நமக்குக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. கோடில் 4.5 என்று எழுதிவைத்தவருக்கு, பாரிஸ் கோடை நேரத்துக்கு மாறும் மார்ச் கடைசி ஞாயிறு வரைதான் நிம்மதி.

2020-இல் புரோகிராம் மொழியான பைத்தானின் 3.9 பதிப்போடு வந்த, டைம்ஜோன் கணக்குப் பார்க்கும் லைப்ரரியான சோன்இன்ஃபோ இதற்கு நல்ல மருந்து. இலவசம், பைத்தானுடனேயே வருகிறது. விண்டோஸில் மட்டும் உலக டைம்ஜோன் பட்டியலான ‘டிஇசட்டேட்டா’ பேக்கேஜைப் பிப் என்ற இன்ஸ்டாலர் வழியாகப் போட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெயரில் டைம்ஜோனே இல்லை என்று எரர் வரும்.

இதே வேலைக்கான பழைய லைப்ரரி பைடிஇசட்டை விட்டு இதற்கு மாற ஒரே காரணம் போதும். அதில் கொல்கத்தா டைம்ஜோனை, தேதியும் மணியும் வைக்கும் டேட்டைமுக்குள் நேரடியாகக் கொடுத்தால் +5:30 வராது, +5:53 வரும்! பட்டியலின் முதல் வரியில் இருக்கும் பழங்காலக் கொல்கத்தா உள்ளூர் நேரத்தை எடுத்துக்கொள்வதால் வரும் வினை. பைடிஇசட்டின் ‘லோக்கலைஸ்’ போட்டால்தான் சரியாகும். சோன்இன்ஃபோவில் இந்தத் தொல்லை இல்லை.

மாற்றும்போது ‘ரீப்ளேஸ்’ வேறு, ‘அஸ்டைம்சோன்’ வேறு. முன்னது டைம்ஜோன் லேபிளை மட்டும் ஒட்டும், முள்ளை நகர்த்தாது. பின்னதுதான் மணியை மாற்றும். லேபிள் ஒட்டாத நேரத்துக்கு அஸ்டைம்சோன் போட்டால் அது மெஷினின் டைம்ஜோனை எடுத்துக்கொள்ளும். நம் லேப்டாப்பில் சரியாக வரும் விடை, யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும் சர்வரில் ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போவது இதனால்தான்.

குறை என்றால், கத்த வேண்டிய இடத்தில் வாய் திறக்காது. 2025 மார்ச் 30 அன்று பாரிஸில் கடிகாரம் 2 மணியிலிருந்து 3-க்குத் தாவியது. 2:30 என்ற நேரமே அன்று கிடையாது. கொடுத்துப் பாருங்கள், எரர் இல்லாமல் நம்மூர்க் காலை 7:00 என்று சொல்லும். யூடிசி-க்கு மாற்றித் திரும்பப் பாரிஸுக்குக் கொண்டுவந்தால் 3:30 வரும். போன நேரமும் வந்த நேரமும் ஒத்துப்போகவில்லையா, உள்ளீடு தப்பு. அக்டோபர் 26 இதற்குத் தலைகீழ்: 2:30 இரண்டு முறை வந்தது, நமக்கு 6:00-க்கும் 7:00-க்கும். இரண்டாவது வேண்டுமென்றால் ‘ஃபோல்ட்’ 1 என்று கொடுக்க வேண்டும்.

ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்தாக வரும் தேதியைப் படிப்பது சோன்இன்ஃபோவின் வேலையே இல்லை, அங்கேதான் பாதி பக் பிறக்கிறது. கடைசியில் யூடிசி-யைக் குறிக்கும் ‘இசட்’ உள்ள ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர வடிவ) தேதியைப் பைத்தானின் ‘ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மட்’ 3.11 பதிப்பு முதல்தான் ஏற்கிறது. ‘ஐஎஸ்டி’ என்ற மூன்றெழுத்தை நம்பவே கூடாது: இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்கும் அதுதான் சுருக்கம். பைத்தானின் ‘ஸ்ட்ரிப்டைம்’ அதை நம் மெஷினில் ஏற்கும், ஆனால் டைம்ஜோனை ஒட்டாமலே விட்டுவிடும். யூடிசி சர்வரிலோ எரரே அடிக்கும். தேதி படிக்கும் இன்னொரு லைப்ரரியான டேட்யூட்டிலுக்குப் போனால் 03/04/2025 என்பது மார்ச் 4 ஆகிவிடும். நாள்தான் முதலில் என்று சொல்லும் ‘டேஃபர்ஸ்ட்’ கொடுக்க மறந்தால் 13/04 மட்டும் சரியாக வரும், மாதத்தில் முதல் 12 நாள் குழம்பும். டெஸ்டில் 25-ஆம் தேதியை மட்டும் போட்டுப் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

வரப்போகும் புக்கிங்குக்கு யூடிசி மட்டும் சேமித்தால் போதாது. உள்ளூர் மணியையும் ‘யூரோப்/பாரிஸ்’ என்ற முழுப்பெயரையும் சேர்த்தே வையுங்கள். கோடை நேர விதி நடுவில் மாறினால் டிஇசட்டேட்டாவைப் புதுப்பித்து மறுபடி கணக்கிடலாம்.

கணக்குக்கு ஐந்தில் நாலரை மார்க். எச்சரிக்கைக்கு இரண்டு.