முதியவர்களுக்குத் துணை அனுப்பும் செயலியில் 14,400 ரூபாய் போனது, நீங்களாவது ஏமாறாதீர்கள்

நேற்று நடந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 74 வயது, தனியாக இருக்கிறார். கண்புரை அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களை முதியவர்களோடு இணைத்துவிடும் செயலி ஒன்றில் வருடச் சந்தா கட்டினேன். 14,400 ரூபாய், அம்மாவின் பென்ஷன் பணம்.

நம்பியதற்குக் காரணம் ஒரு போன். அவர்கள் ஆபீஸிலிருந்து ஒரு பெண் அம்மாவிடமே பேசினார். எந்தக் காது நன்றாகக் கேட்கும், படி ஏற முடியுமா, மாத்திரை எப்போது என்று இருபது நிமிடம். "கவலைப்படாதீங்கம்மா, உங்க தெருவுக்குப் பக்கத்துலயே சரிபார்த்த ஆள் இருக்காங்க" என்றார். "நல்ல பொண்ணுடா, என்கிட்ட யாரு இவ்வளவு நேரம் பேசுறா" என்றார் அம்மா. உடனே பணத்தை அனுப்பிவிட்டேன்.

நேற்று ஏழரைக்கே அம்மா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். செயலியில் 'துணைவர் உறுதி' என்று பச்சை எழுத்து. ஒன்பதரை வரை யாரும் வரவில்லை. ஒரு கண்ணை மூடிய கட்டோடு தனியாக ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறார்.

துணைவர் என்று காட்டிய பெண்ணை நானே அழைத்தேன். பாவம், போன வருடம் படிக்கும்போது பதிந்தாராம், இப்போது வேறு ஊரில் வேலை. அவரை யாரும் கேட்கவே இல்லை. பின்கோடு பொருந்தியதும் செயலி தானாக இணைத்துவிட்டது. 'சரிபார்த்தது' என்பது அவர் போனுக்கு வந்த ஓடிபி மட்டும்தான்!

பணத்தைக் கேட்டால் முதலில் சாட்பாட். அப்புறம் ஒருவர், "நாங்க இணைக்கிற தளம் மட்டும்தான் சார், வராததுக்கு அவங்கதான் பொறுப்பு" என்றார். அடுத்தவர், "சந்தா திரும்ப வராது, வேணும்னா புள்ளிகளா போடுறோம்" என்றார். அம்மாவிடம் போனில் பேசிய பெண்ணோடு பேச வேண்டும் என்றால் அவர் விற்பனைப் பிரிவாம். 14,400 ரூபாய்க்குப் புள்ளிகள்!

சரி, அவசரமாகச் சொல்கிறேன். மொத்தமாகச் சந்தா கட்டாதீர்கள். வரப்போகிறவரிடம் முந்தின நாளே நீங்களே பேசுங்கள். மூத்த குடிமக்களுக்கான அரசு உதவி எண் 14567, காசில்லாமல் வழிகாட்டுவார்கள். 2020 இணைய வணிக விதிகளின்படி, புகார் வந்து சேர்ந்ததை நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், அதனால் எழுத்திலேயே அனுப்புங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. இப்போதுதான் அதில் பதிந்தேன். மீதியை அப்புறம் எழுதுகிறேன், அம்மாவுக்குச் சொட்டு மருந்து நேரம், போன் செய்ய வேண்டும்.