கணினி அறையா, கையிலிருக்கும் போனா?

இணையம் பழகாத பெரியவர்களுக்குச் சொல்லித்தர நினைக்கும் எந்தச் சிறு குழுவுக்கும் இந்தக் கேள்வி வரும். ஓர் அறையில் ஐந்தாறு கணினிகளைப் போட்டு எல்லோரையும் அங்கே வரவழைப்பதா, அவரவர் வைத்திருக்கும் போனை வைத்தே சொல்லித்தருவதா? நாங்கள் கணினி அறையில்தான் தொடங்கினோம். ஒன்றரை வருடம் கழித்துப் போனுக்கு மாறினோம். ஆகவே என் சாய்வு போன் பக்கம்.

தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். கணினியில் திரை பெரிது, தட்டச்சு எளிது. போன் வீட்டுக்கே கூடப் போகும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். கணினி அறையின் உண்மையான பலம் வேறு: எல்லோர் முன்னாலும் ஒரே மாதிரித் திரை. "இடது மூலையில் அழுத்துங்கள்" என்றால் ஆறு பேரும் ஒரே இடத்தில் அழுத்துவார்கள். போனில் இது நடக்காது. ஒரே ஆண்ட்ராய்டுதான் என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி செட்டிங்ஸ் அடுக்கியிருக்கும் விதம் மாறும். அதனால் போன் வகுப்பில் ஒரு தன்னார்வலர் மூன்று பேருக்கு மேல் கவனிக்க முடிவதில்லை. ஆள் குறைவான குழுவுக்கு இது சின்னப் பிரச்சினை இல்லை.

இருந்தும் நாங்கள் மாறியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, பராமரிப்பு.

எங்களுக்கு வந்த ஆறும் நன்கொடைக் கணினிகள். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளின் பொதுக்கெடு 2025 அக்டோபர் 14 என்று அப்போதே அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸர் வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளிலும் எங்கள் கணினிகள் தேறவில்லை. சரி என்று விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டோம், பழைய ஹார்டு டிஸ்குகளைக் கழற்றிவிட்டு அவற்றைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகங்களை மாட்டினோம். நன்றாகவே ஓடின. வேகத்தைப் பொறுத்தவரை எனக்குக் குறையே இல்லை.

அன்றாடத்தில்தான் சிக்கல். வாரம் இரண்டு நாள் மட்டும் திறக்கும் அறை அது. திறந்ததும் எல்லாக் கணினிகளுக்கும் அப்டேட் காத்திருக்கும். முந்தைய ஆள் தன் மின்னஞ்சலிலிருந்து வெளியேறாமல் போயிருப்பார். ஒரு நாள் ஒரு கணினியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று எச்சரிக்கை. அரை மணி நேரம் தேடிய பிறகுதான் புரிந்தது. மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்து, கணினியின் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. தேதி தவறினால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களை பிரவுசர் ஏற்காது. கற்க வந்தவர்கள் அந்த அரை மணி நேரமும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்ட நண்பர் வேலை மாறிப் போனதும் இரண்டு கணினிகள் அப்படியே முடங்கின.

போனிலும் பராமரிப்பு உண்டு, சொல்லப்போனால் இன்னும் அதிகம். ஆனால் அங்கே அந்தப் பராமரிப்பே பாடமாகிவிடுகிறது. ஓர் அம்மா முதல் நாளே போனை நீட்டி, "இடமில்லைன்னு சொல்லுது தம்பி, வேற போன் வாங்கணுமா?" என்று கேட்டார். நான் போனைக் கையில் வாங்கவில்லை. அவரையே வாட்ஸ்அப் ஸ்டோரேஜ் பகுதியைத் திறக்க வைத்தேன். குழுக்களில் வந்த வீடியோக்கள்தான் இடத்தை அடைத்திருந்தன. அழிப்பது எப்படி, தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்துவது எப்படி என்று அன்று முழுக்க அதுவே வகுப்பு. இரண்டு வாரம் கழித்துத் தன் அக்காவின் போனிலும் அதைச் செய்துகொடுத்ததாக வந்து சொன்னார். கணினி அறையில் எதைச் சரிசெய்தாலும் அந்த அறிவு எங்களிடமே தங்கிவிடும். கற்பவர் அங்கே விருந்தாளிதானே.

கணக்கு விஷயத்திலும் இதே கதைதான். அறைக் கணினியில் மின்னஞ்சல் திறந்து கொடுத்தோம். அடுத்த முறை உள்ளே நுழையும்போது ஓடிபி கேட்கும், அது வருவதோ போனுக்கு. போனை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் அன்று ஒன்றும் செய்ய முடியாது. பாஸ்வேர்டை மறந்தவருக்கு இன்னொரு புதுக் கணக்கு திறப்போம், பழையது அநாதையாகக் கிடக்கும். கூகுள் கணக்கை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் அதை நீக்கிவிட அந்த நிறுவனத்துக்கு உரிமை உண்டு. போன் வகுப்பில் இப்போது முதல் வேலையே, இருக்கும் கணக்கு எது, மீட்புக்குக் கொடுத்த எண் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா என்று பார்ப்பது. சிம் மாற்றியதால் கணக்கை இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கணக்கையும் பாஸ்வேர்டையும் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் பத்திரமாக வைக்கச் சொல்கிறோம். பாதுகாப்பு நிபுணர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். எங்கள் ஆட்களுக்கு இதுதான் நடக்கிற வழி.

டேப்லெட் வாங்கி இரவல் கொடுக்கும் மூன்றாவது வழியும் உண்டு. நாங்கள் இரண்டை வைத்து ஒரு மாதம்தான் பார்த்தோம், தீர்ப்புச் சொல்ல அது போதாது. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் முந்தையவரின் கணக்கை எடுத்துவிட்டு ரீசெட் செய்ய வேண்டியிருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஐபோனோடு வந்தவர்கள் இரண்டே பேர். மேலே சொன்னதெல்லாம் ஆண்ட்ராய்டு அனுபவம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர் ஒருவருக்கு திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வசதியைப் பழக்கினோம், அவர் வேகமாகப் பிடித்துக்கொண்டார். ஒருவரை வைத்து எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன்.

வேலை தேடும் இளைஞர்கள் என்றால் என் பதில் மாறும். எக்செல் மாதிரி அட்டவணைகளை, நீண்ட விண்ணப்பங்களைப் போனில் கற்றுத்தருவது இருவருக்கும் தண்டனை. அதற்காகவே ஆறில் இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டோம், நேரம் குறித்துக்கொண்டு வந்து உட்காரலாம். மற்ற நான்கையும் டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துவிட்டு, பழுது பார்த்துப் பயன்படுத்த ஆள் இருக்கும் இன்னொரு குழுவுக்குக் கொடுத்துவிட்டோம்.