பர்ஸ் பயிற்சி: பொறியியல் வகுப்புக்கு 90 நிமிடம் போதுமா?

பயனரை மையமாக வைத்து வடிவமைக்கக் கற்றுத்தரும், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டி.ஸ்கூல் (வடிவமைப்புப் பள்ளி) இலவசமாகக் கொடுக்கும் பயிற்சித்தாள்களில் பலரும் எடுத்துப் பயன்படுத்துவது பர்ஸ் பயிற்சி. மாணவர்கள் இருவர் இருவராக உட்கார வேண்டும். ஒருவர் மற்றவருக்கென்று ஒரு பர்ஸ் வடிவமைக்க வேண்டும். மொத்தம் ஒன்பது படிகள்: நேர்காணல் 8 நிமிடம், துருவிக் கேட்பது 6, கண்டதைக் குறிப்பது 3, சிக்கலை வரையறுப்பது 3, ஐந்து யோசனைகளை வரைவது 5, காட்டிக் கருத்துக் கேட்பது 10, மறுயோசனை 3, செய்து பார்ப்பது 7, மறுபடி காட்டுவது 8. கூட்டினால் 53 நிமிடம். அறிமுகமும் கடைசிக் கலந்துரையாடலும் சேர்ந்தால் 90 நிமிடம் ஆகிவிடும்.

பரிசு கொடுக்கும் அனுபவத்தை வடிவமைக்கச் சொல்லும் இன்னொரு பதிப்பும் உண்டு. பொறியியல் மாணவர்களுக்குப் பர்ஸ்தான் சரி. பரிசைப் பற்றிப் பேசும்போது நினைவிலிருந்துதான் பேச முடியும், நினைவு எப்போதும் கொஞ்சம் அழகுபடுத்திச் சொல்லும். பர்ஸ் என்றால் சான்று மேசைமேல் கிடக்கும்: கிழிந்த ரசீது, காலாவதியான அட்டை, எதற்கென்றே தெரியாத ஒரு சாவி. பர்ஸே இல்லாமல் கைபேசி உறையில் எல்லாவற்றையும் சொருகி வைத்திருக்கும் மாணவர்கள் இன்று நிறைய. அவர்களிடம் 'தினமும் உடன் எடுத்துச் செல்லும் பொருள்கள்' என்று தலைப்பை மாற்றிக் கொடுத்தால் பயிற்சிக்கு எந்தக் குறையும் வராது. எதைக் காட்ட விருப்பமில்லையோ அதை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். தாளில் இந்த எச்சரிக்கை இல்லை. அடுத்தவர் பையைத் திறக்கச் சொல்லும் பயிற்சியில் இது விட்டுப்போகக் கூடாது.

அந்த ஒன்பது படிகளுக்கும் முன்னால், பயிற்சி தொடங்குவதே ஒரு தவறான பாதையில்தான். யாரிடமும் எதுவும் கேட்காமல் 'சிறந்த பர்ஸ்' ஒன்றைச் சில நிமிடங்களில் வரையச் சொல்வார்கள். அதை ஒதுக்கி வைத்துவிட்டு, இப்போது எதிரில் இருப்பவருக்காக வடிவமை என்பார்கள். பயிற்சியின் மிக நல்ல பகுதி இதுதான். பயனர் என்று ஒருவரைப் பற்றி யோசிக்காமலே எவ்வளவு வேகமாகத் தீர்வுக்குப் போய்விடுகிறோம் என்பதை எந்த விரிவுரையாலும் இப்படிக் காட்ட முடியாது. அந்த முதல் படத்தைக் கசக்கிப் போட விடாதீர்கள். பெயர், நேரம் எழுதி வாங்கி வையுங்கள். கடைசியில் அதையும் முன்மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் பாடம் முழுமையாகும்.

அடுத்தது நேர்காணல். பெரும்பாலான வகுப்புகள் சறுக்குவது இங்கேதான். ஆளுக்கு 4 நிமிடம். பொறியியல் மாணவர் கேட்கும் முதல் கேள்வி 'எத்தனை அறை வேண்டும்?', இரண்டாவது 'தோலா, துணியா?'. இது நேர்காணல் ஆகாது. விவரப் படிவத்தை வாயால் நிரப்பும் வேலை. எதிரில் இருப்பவரும் அந்த நொடியில் யோசித்து ஏதோ ஒரு பதில் சொல்வார், அந்தப் பதிலில் ஒன்றும் இருக்காது. இதற்கு ஒரே ஒரு விதி போதும்: முதல் 4 நிமிடத்தில் 'வேண்டும்', 'பிடிக்கும்' என்ற இரு சொற்களும் கேள்வியில் வரக் கூடாது. பொருளைக் கையில் எடுத்து, நடந்ததை மட்டும் கேட்க வேண்டும். கேள்வி மாறியதும் பேச்சு எப்படிப் போகிறது பாருங்கள்:

"இந்த ரசீது எதுக்கு?"

"சும்மா கிடக்கு."

"எவ்ளோ நாளா?"

"ஆறு மாசம் இருக்கும். தூக்கிப் போட்டா, வீட்ல கணக்குக் கேக்கும்போது என்ன சொல்றதுன்னு ஒரு பயம்."

'பயம்' என்ற சொல் வந்துவிட்டது. இரண்டாம் படியில் ஆளுக்குக் கிடைக்கும் 3 நிமிடமும் அந்த ஒரு சொல்லுக்கே போக வேண்டும். ஆனால் மாணவர் அந்த நேரத்தில் அடுத்த பொருளை எடுத்து, "இந்தச் சாவி?" என்று தாவிவிடுவார். 'துருவிக் கேள்' என்று மட்டும் தாள் சொல்கிறது, எதைத் துருவுவது என்று சொல்வதில்லை. முதல் சுற்று முடிந்ததும் அரை நிமிடம் நிறுத்தி, உணர்ச்சி எட்டிப் பார்த்த ஒரு வாக்கியத்துக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள். அதற்கு வெளியே எந்தக் கேள்வியும் கூடாது. முழுப் பயிற்சியிலும் அதிகப் பலன் தருவது அந்த அரை நிமிடம்தான்.

சிக்கலை வரையறுக்கும் படியில் 'இன்னாருக்கு, இன்னது செய்ய ஒரு வழி தேவை, ஏனென்றால்...' என்று ஒரு வாக்கிய அச்சு இருக்கிறது. அச்சு நல்லது, நிரப்புவதில்தான் பிழை வருகிறது. ரசீது வைத்திருந்த மாணவியைப் பற்றி 'அவளுக்கு ரசீது வைக்கத் தனி அறை தேவை' என்று எழுதினால் தீர்வு உள்ளேயே ஒளிந்துகொள்கிறது. 'கணக்குக் கேட்டதும் தயங்காமல் காட்ட அவளுக்கு ஒரு வழி தேவை, ஏனென்றால் ரசீது தொலைந்தால் பழி தன்மேல் வரும் என்று நினைக்கிறாள்' என்று எழுதினால் கதவு திறக்கிறது. சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு: அந்த வாக்கியத்தைப் படித்ததும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று தீர்வுகள் தோன்ற வேண்டும். முதல் வாக்கியத்தில் ஒரே ஒரு தீர்வுதான், அறை. இரண்டாவதில் அறையும் வரும், படம் பிடித்து வைப்பதும் வரும், பர்ஸே தேவைப்படாத ஏற்பாடும் வரும்.

பொறியியல் வகுப்புக்கு இந்தத் தாள் போதாமல் போவது இதற்குப் பிறகுதான். தேவை என்று எழுதியதை, அளந்து பார்க்கக்கூடிய நிபந்தனையாக மாற்றும் படியே இதில் இல்லை. பயனர் மைய வடிவமைப்புக்கான, உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 9241-210 தரநிலை (2010இல் வந்து 2019இல் திருத்தப்பட்டது) நான்கு செயல்களைச் சொல்கிறது: பயன்பாட்டுச் சூழலைப் புரிந்துகொள்வது, பயனர் தேவைகளை வரையறுத்துக் குறிப்பிடுவது, தீர்வுகளை உருவாக்குவது, மதிப்பிடுவது. இரண்டாவது செயலை இந்தத் தாள் ஒரு வாக்கியத்தோடு முடித்துவிடுகிறது. முதல் முறையாக வடிவமைப்பைத் தொடும் ஒருவருக்கு அது பொருந்தலாம். நாளை ஒரு மருத்துவக் கருவிக்கோ லிஃப்ட் பொத்தானுக்கோ விவரக்குறிப்பு எழுதப் போகிறவருக்குப் பொருந்தாது.

ஆகவே 6 நிமிடம் ஒதுக்கி ஒரு படியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைவதற்கு முன்னால் வேண்டாம். எண்ணைக் கண்டதும் கை கட்டுப்பட்டு ஐந்து படமும் ஒரே மாதிரி வந்துவிடும். படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்ட பிறகு, மறுயோசனைக்கு முன்னால் வையுங்கள். இதற்கென்று ஒரு தனித் தாளில் நான்கு கட்டங்கள் போதும்: பயனர் சொன்ன சொல் அப்படியே, அதிலிருந்து புரிந்த தேவை, நிபந்தனை, சோதிக்கும் முறை. ரசீது எடுத்துக்காட்டில் நிபந்தனை இப்படி வரலாம்: 'ஒரு கையில் பை இருக்கும்போது, கேட்ட ரசீதை மற்றக் கையால் 10 வினாடிக்குள் எடுக்க முடிய வேண்டும்.' சோதனை: நிறுத்துக்கடிகாரம், 5 முயற்சி, குறைந்தது 4 வெற்றி. இந்த இடத்தில் மாணவர்கள் 'தடிமன் 8 மில்லிமீட்டர்' என்று பொருளின் அளவை எழுதிவிடுவார்கள். அது தீர்வின் அளவு. நிபந்தனையில் வர வேண்டியது பயனர் செய்யும் செயலின் அளவு. ஒரு குழுவுக்கு இரண்டு நிபந்தனைக்கு மேல் கேட்காதீர்கள், நேரம் இருக்காது.

செய்து பார்க்க 7 நிமிடம்தான். 30 பேர், அதாவது 15 ஜோடிக்கு: தடித்த அட்டை ஏ4 அளவில் 45, வண்ணத்தாள் 60, கத்தரிக்கோல் 15, மாஸ்கிங் டேப் 8 சுருள், ஸ்டேப்ளர் 8, நூல் ஒரு கண்டு, அலுமினியத் தாள் ஒரு சுருள், ரப்பர் பேண்ட் ஒரு பொட்டலம். சூட்டுப் பசைத் துப்பாக்கியைக் கொண்டுவர வேண்டாம். சூடேறும் முன்பே பாதி நேரம் போய்விடும். தவிர, கச்சிதமாக ஒட்டிய மாதிரியைக் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது. டேப் தொங்கும் மாதிரியை எல்லோரும் தயக்கமில்லாமல் திட்டுவார்கள், நமக்குத் தேவை அதுதான். வங்கி அட்டையின் அளவு 85.60 × 53.98 மில்லிமீட்டர். அதே அளவில் போலி அட்டைகளை முன்பே வெட்டி, ஜோடிக்கு நான்கு வீதம் 60 வையுங்கள். கண்ணளவில் வெட்டினால் மடிப்பும் டேப்பும் இடத்தைத் தின்றுவிடும், அட்டை நுழையாது, மொத்தச் சோதனையும் அதைப் பற்றியே பேசி முடிந்துவிடும். ஒவ்வொரு பக்கமும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் கூடுதலாக விடச் சொல்லுங்கள்.

கடைசிப் படியில் இன்னொரு குறை. சோதிப்பவரும் செய்தவரும் ஒரே மேசை, ஒரே வகுப்பு, கொஞ்ச நேரத்தில் இடமும் மாறப்போகிறவர்கள். இவர் அவரைப் பாராட்ட, அவர் இவரைப் பாராட்ட, எட்டு நிமிடமும் மரியாதையில் கரைகிறது. செய்தவர் வாய் திறக்கக் கூடாது என்ற விதி இங்கே அவசியம். மாதிரியைக் கையில் கொடுத்து, "ரசீது எடு" என்று வேலையை மட்டும் சொல்லிவிட்டு, எத்தனை வினாடி, எத்தனை தவறு, எத்தனை முறை உதவி கேட்டார் என்று எழுத வேண்டும். "இல்ல, அது அப்படித் திறக்கணும்" என்று விளக்கம் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரு தவறு என்று கணக்கு. எழுதுவதற்கு, டி.ஸ்கூல் தாளில் ஏற்கெனவே இருக்கும் நான்கு கட்டம் (சரியாக இருந்தது, மேம்படுத்த வேண்டியது, கேள்வி, புது யோசனை) நன்றாகவே உதவும்.

பிறகு பக்கத்து மேசைக்குக் கொடுங்கள். ஆனால் பக்கத்து மேசைக்காரர் அந்தப் பயனர் ஆகமாட்டார். கையாள எளிதா என்று மட்டும் அவரிடமிருந்து தெரியும், தேவை சரியா என்று தெரியாது. 'ஐந்து பேரிடம் சோதித்தால் போதும்' என்று மாணவர்கள் எங்கோ படித்திருப்பார்கள். அதற்குப் பின்னால் இருப்பது பயன்பாட்டு எளிமையை ஆய்ந்த நீல்சனும் லேண்டவரும் 1993இல் கொடுத்த கணக்கு. ஒரு குறையை ஒருவர் கண்டுபிடிக்கும் வாய்ப்பு சராசரியாக 31 விழுக்காடு என்று கொண்டால், ஐந்து பேர் சேர்ந்து சுமார் 84 விழுக்காட்டுக் குறைகளைக் காண்பார்கள். அந்த வாய்ப்பு 10 விழுக்காடு என்றால் ஐந்து பேர் காண்பது 41 விழுக்காடுதான். இதைப் பலகையில் போட்டுக் காட்ட இரண்டு நிமிடம் போதும், பொறியியல் மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ஸ்பகெட்டிக் குச்சி 20, ஒரு கெஜம் டேப், ஒரு கெஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ (மெத்தென்ற மிட்டாய்), 18 நிமிடம் என்ற கோபுரப் போட்டியை இதற்குப் பதிலாக நடத்தலாமா என்ற கேள்வி அடிக்கடி எழும். சீக்கிரம் செய்து சீக்கிரம் சோதிக்க வேண்டும் என்பதை அது அழகாகச் சொல்லித் தரும். அதில் பயனர் என்று யாருமே இல்லை. வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஆசிரியர் ஜோடி சேர வேண்டாம், நேரத்தைப் பார்க்க ஆள் இருக்காது. மூவர் குழு போட்டு, முதலாமவர் இரண்டாமவரையும், இரண்டாமவர் மூன்றாமவரையும், மூன்றாமவர் முதலாமவரையும் கேட்கட்டும். 8 நிமிடத்தை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 2 நிமிடம் 40 வினாடி வரும். குறைவுதான், ஆனாலும் வகுப்போடு சேர்ந்து முடியும். கடிகாரத்தை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி திரையில் ஓடவிடுங்கள்.

மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால் முதல் படம், நிபந்தனை எழுதிய நான்கு கட்டத் தாள், சோதனைக் குறிப்பு ஆகிய மூன்றையும் வாங்கி, பயனர் சொன்ன ஒரு சொல் கடைசி வடிவம் வரை தொடர்ந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். மாதிரியின் அழகுக்கு மதிப்பெண் கொடுத்தால், அடுத்த தொகுதி மாணவர்கள் வீட்டிலேயே தைத்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.