வல்கனின் பின்சக்கரத்தில் கார் டயர்: பதினொரு மாதம் ஓட்டிய பிறகு

என் கவாசாக்கி வல்கன் 900 மோட்டார் சைக்கிளின் பின்டயர் 13,000 கிலோமீட்டரிலேயே நடுவில் வழுவழுவென்று தேய்ந்துவிடும். வாரக் கடைசியில் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் எல்லையைத் தாண்டி, மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நூல் பிடித்தாற்போல் ஓட்டினால் வேறென்ன ஆகும்? ஓரத்து ரப்பர் புதிதாகவே இருக்கும். அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. தட்டையாக இருப்பதால் சமமாகத் தேயுமே என்று கார் டயருக்குத் துணிந்தேன்.

அசல் அளவு 180/70-15; அதாவது அகலம் 180 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 70 விழுக்காடு, ரிம் 15 அங்குலம். கார் டயரில் 195/65 ஆர்15 எடுத்தேன். விட்டத்தில் ஓரிரு மில்லிமீட்டர்தான் வேறுபாடு. "தம்பி, உருண்டையைச் சதுரமாக்கி ஓட்டப் போகிறாயா?" என்றார் ஜொகூர் பட்டறைக்காரர். "ஒருமுறை பார்த்துவிடுகிறேன் அண்ணே" என்றேன். இரண்டும் 15 அங்குலமே ஆனாலும் மோட்டார் சைக்கிள் ரிம்மின் விளிம்பு வேறு வடிவம். டயர் எளிதில் உட்காரவில்லை. அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

மலாக்கா வரை சொர்க்கம். நேர்ச்சாலையில் வண்டி அசையவே இல்லை. 19,000 கிலோமீட்டர் ஓடியும் பாதி ரப்பர்கூடத் தேயவில்லை.

தொல்லை வீட்டருகில்தான். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்பின் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் சுழல் சரிவில் ஐந்து மாடி ஏற வேண்டும். உருண்டையான டயர் வண்டியோடு சேர்ந்து சாயும். தட்டையான டயரோ ஓர விளிம்பில் ஏறி நின்று வண்டியை நிமிர்த்தப் பார்க்கும். வளைவு முடியும்வரை ஹேண்டில்பாரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் இருமுறை இந்த மல்யுத்தம். விரைவுச்சாலையின் வளைந்த வெளிவழிகளிலும் இதே கதை. சாலையில் நீளவாக்கில் பள்ளம் இருந்தால் டயர் அதன் பின்னாலேயே போகும்.

மழையில் இன்னும் மோசம். காரின் எடைக்காகச் செய்த அகலமான தட்டை டயர், என் வண்டியின் எடையில் தண்ணீரைப் பிழிந்து தள்ளத் திணறியது. ஆயர் ராஜா விரைவுச்சாலையில் ஒரு மாலை, கொட்டும் மழையில் பின்சக்கரம் ஒரு கணம் மிதந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

ஆண்டு வாகனச் சோதனையும் நெருங்கியது. உற்பத்தியாளர் ஏற்காத டயரோடு அங்கே போய் நிற்கவும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்திடம் விளக்கம் சொல்லவும் தைரியமில்லை. கழற்றிவிட்டேன்.

பாதி உயிரோடு இருந்த அந்தக் கார் டயரை வீட்டு வாசலில் வைக்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "தண்ணீர் தேங்கிக் கொசு வளர்ந்தால் அபராதத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்" என்றாள். டயர் இப்போது ஜொகூர் அண்ணன் பட்டறையில், உட்காரும் முக்காலியாக இருக்கிறது.