காம்பாட் மிஷன் அடுத்து எந்தப் போருக்குப் போகணும்: 1940 பிரான்ஸா, 1941 ரஷ்யாவா, கோலானா, கோஹிமாவா, பஞ்சாபா?

காம்பாட் மிஷன்ங்கற கம்ப்யூட்டர் போர் கேம ஆடுற ரெண்டு பேர் பேச ஆரம்பிச்சா கொஞ்ச நேரத்துல இந்தக் கேள்வி வந்துரும். நானும் என் ஃப்ரெண்டும் மெயில்ல ஃபைல் அனுப்பி ஆடுறோம், அவன் ஒரு டர்ன் அனுப்புவான், நான் ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்து அதப் பாத்துட்டு என் டர்ன அனுப்புவேன், கூடவே அடுத்த கேம் எந்த யுத்தத்துல வரணும்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எழுதிட்டே இருப்போம். அப்படி பேசிப் பேசி எனக்குள்ள ஒரு முடிவு வந்துருக்கு, அதத்தான் இங்க எழுதுறேன்.

ஆடாதவங்களுக்காக ஒரு வார்த்தை. இதுல ரெண்டு தரப்பும் ஆர்டர் குடுத்து முடிச்சதும் 60 செகண்ட் தானா ஓடும், அந்த ஒரு நிமிஷம் நாம எதையும் தொட முடியாது, பாக்க மட்டும்தான் முடியும், திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்கலாம். இந்த கேமோட உயிர் எதுன்னு கேட்டா டேங்கோ வெடியோ கிடையாது, யார் யாரைப் பாத்தாங்க, பாத்தவன் யார்கிட்ட சொன்னான், அதுதான். போன மாசம் ரெட் தண்டர்ல, அதாவது இந்த வரிசைல ரஷ்ய-ஜெர்மன் சண்டைய வச்சு வந்த கேம்ல, நடந்தத சொல்றேன். என்னோட ஒரு செக்ஷன், ஒரு சின்ன சிப்பாய்க் குழு, வயல்ல குப்புறப் படுத்துக் கிடந்துச்சு, மரங்களுக்கு நடுவுல ஒரு ஜெர்மன் டேங்க் எதிர்ப்பு பீரங்கிய ரெண்டு டர்னுக்கு முன்னாடியே அவங்க பாத்துட்டாங்க, ஆனா அவங்களுக்கு மேல இருக்குற ப்ளட்டூன் ஹெட்குவார்ட்டர்ஸ் மேட்டுக்கு அந்தப் பக்கம், குரலும் எட்டாது கண்ணும் எட்டாது, அதனால அந்தத் தகவல் மேல போகவே இல்ல. அம்பது மீட்டர் பின்னாடி வந்த என்னோட டி-34 டேங்க், ஹேட்ச்ங்கற மேல்மூடிய மூடிக்கிட்டு, அந்த பீரங்கிக்கு நேரா தன் பக்கவாட்டக் காட்டிக்கிட்டே போச்சு. அந்த ஒரு நிமிஷத்த நாலு தடவ ஓட்டிப் பாத்தேன், நாலாவது தடவதான் வயல்ல இருந்த ஒருத்தன் தலையத் தூக்கி டேங்க் பக்கம் திரும்பிப் பாக்குறத கவனிச்சேன், அத மறக்க முடியல.

அதனால என் கணக்கு இதுதான், எந்தப் போர்ல யார் பாத்தாங்க, யாருக்குச் சொன்னாங்கங்கறதே ஜெயிப்பையும் தோல்வியையும் முடிவு பண்ணுச்சோ, அங்கதான் இந்த எஞ்சினுக்கு, அதாவது கேம ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேருக்கு, வேலை.

முதல்ல இதுவரைக்கும் வந்த கேம்கள்ல இருக்குற ஓட்டையப் பாப்போம். 2000ல பியாண்ட் ஓவர்லார்ட், 2002ல பார்பரோசா டு பெர்லின், 2003ல ஆஃப்ரிக்கா கோர்ப்ஸ், இது மூணும் பழைய எஞ்சின். 2007ல ஷாக் ஃபோர்ஸோட புது எஞ்சின் வந்துச்சு, 2011ல நார்மண்டி, அப்புறம் இத்தாலி, ரெட் தண்டர், ஃபைனல் பிளிட்ஸ்கிரீக். இந்தப் புது எஞ்சின்ல ரெண்டாம் உலகப்போர் எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்தா 1943 ஜூலை, சிசிலில. 1939 செப்டம்பர்ல இருந்து அதுவரைக்கும் கிட்டத்தட்ட நாலு வருஷம் காலி. பெரும்பாலும் டைகர், பேந்தர்னு பெரிய ஜெர்மன் டேங்குகள் வர்ற காலத்தையே திரும்பத் திரும்ப ஆடிட்டு இருக்கோம்.

1941 ரஷ்யாதான் நிறைய பேர் கேக்குறது, என் ஃப்ரெண்டோட ஓட்டும் அதுக்குத்தான். அவன் எப்பவும் எடுத்துக்காட்டுறது ரசேனியாய். லித்துவேனியால 1941 ஜூன் கடைசில ஒத்த ரஷ்ய கேவி டேங்க் ரோட்டுல நின்னு ஜெர்மனியோட ஆறாவது பான்சர் (டேங்க்) டிவிஷனோட ஒரு படைப்பிரிவை ஒரு நாளுக்கு மேல மறிச்சுது, அடிச்ச குண்டெல்லாம் பட்டுத் தெறிச்சுது. கேக்கும்போதே ஆடணும்னு தோணும், ஆனா அத ஆடிப் பாத்தா ஒரு தரப்புக்கு என்ன இருக்கு? அந்த டேங்க மேப்ல நிறுத்திட்டு உக்காந்திருக்கணும். 1941க்குள்ள இருக்குற உண்மையான ருசி வேற இடத்துல இருக்கு, டி-34ல டரட்டுக்குள்ள, அதாவது பீரங்கியோட சுத்துற மேல் கூண்டுக்குள்ள, ரெண்டே பேர், கமாண்டரே குறி பாத்து சுடணும், ப்ளட்டூன் தலைவன் டேங்க்ல மட்டும்தான் பெரும்பாலும் ரேடியோ, மத்த டேங்கெல்லாம் முன்னாடி போறவனைப் பாத்து அவன் பண்றதப் பண்ணனும். தகடு தடிப்பா இருந்தும் பீரங்கி பெருசா இருந்தும் ரஷ்யர்கள் அத்தன டேங்க இழந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனா இதே கதை ஒரு வருஷம் முன்னாடியே, இதவிட கூர்மையா, பிரான்ஸ்ல நடந்துருச்சு.

1940 பிரான்ஸ்தான் என்னோட முதல் தேர்வு.

சார் பி1 பிஸ்னு ஒரு பிரெஞ்சு டேங்க் இருக்கு. முன்பக்கம் 60 மில்லிமீட்டர் தகடு, அப்ப ஜெர்மன்காரன்கிட்ட இருந்த 37 மில்லிமீட்டர் பீரங்கி அத ஒண்ணும் பண்ண முடியாது. டரட்ல ஒரு 47 மில்லிமீட்டர், உடம்புல ஒரு 75 மில்லிமீட்டர். இப்ப உள்ள எட்டிப் பாருங்க, டரட்டுக்குள்ள ஒரே ஒருத்தர், கமாண்டர். அவரே வெளிய பாக்கணும், அவரே குண்டு ஏத்தணும், அவரே குறி வச்சு சுடணும், மத்த டேங்க் என்ன பண்ணுதுன்னும் அவரே கவனிக்கணும். கீழ இருக்குற 75 மில்லிமீட்டர டிரைவர்தான் குறி பாக்குறாரு, ஏன்னா அத இடது வலது திருப்பணும்னா மொத்த டேங்கையும் திருப்பணும். சோமுவா எஸ்35ங்கற இன்னொரு பிரெஞ்சு டேங்கும் அதே ஒத்த ஆள் டரட். ரெனோ ஆர்35ங்கற சின்ன டேங்க்ல மொத்தமே ரெண்டு பேர், பெரும்பாலானதுல ரேடியோ கிடையாது, கொடி காட்டித்தான் பேசிக்கணும். எதிர்ல ஜெர்மன் பான்சர் 3 டேங்க் வருது, தகடு மெல்லிசு, பீரங்கி சின்னது, ஆனா டரட்ல மூணு பேர், கமாண்டருக்கு பாக்குறதும் சொல்றதும் மட்டும்தான் வேலை, ரேடியோ இருக்கு. இங்க ஒண்ணையும் சொல்லிரணும், ஜெர்மன் படைல நிறைய இருந்தது பான்சர் 1ம் 2ம்தான், பான்சர் 1ல வெறும் ரெண்டு மெஷின் கன், பான்சர் 2லயும் டரட்ல ஒத்த ஆள்தான், அதனால ஜெர்மன் பக்கம் எல்லாமே உசத்தின்னு நெனச்சு ஆடுறவன் முதல் பத்து டர்ன்லயே அடிவாங்குவான்.

இந்த கேம் ஏற்கனவே ஒவ்வொரு டேங்குக்குள்ளயும் எத்தன பேர், யார் எந்த சீட்ல, யார் என்ன பாக்குறாங்கன்னு தனித்தனியா கணக்கு போடுது, ரேடியோ இருக்கா, குரல் எட்டுதான்னும் பாக்குது. அப்ப பிரெஞ்சுக்காரனுக்குன்னு தனியா மைனஸ் பாயிண்ட் போட வேண்டியதே இல்ல, அந்த ஒத்த ஆள் டரட்ட அப்படியே வச்சாலே போதும், 1940ல என்ன நடந்துச்சோ அது தானா வெளிய வரும். மத்த எந்த காலகட்டத்துலயும் இவ்ளோ பொருத்தம் எனக்குத் தெரியல.

சண்டைகளும் சைஸுக்கு ஏத்த மாதிரி இருக்கு. ஸ்டோன் கிராமம், செடானுக்குத் தெற்க, மே 15ல இருந்து ரெண்டு மூணு நாள்ல 17 தடவ கை மாறுச்சுன்னு சொல்வாங்க, ஒரு சின்ன ஊர். 16ம் தேதி கேப்டன் பியர் பிலோட்டோட பி1 பிஸ் அந்த ஊருக்குள்ள நுழைஞ்சு தெருவுல வரிசையா நின்ன 13 ஜெர்மன் டேங்க அடிச்சு நொறுக்கிட்டு, 140 அடி வாங்கியும் ஒண்ணு கூட துளைக்காம திரும்பி வந்துச்சு. அதே மாசம் 12ம் தேதி பெல்ஜியத்துல ஆன்னூ, அங்க பிரெஞ்சு ஜெனரல் பிரியூவோட குதிரைப்படைக் கோர்ப்ஸ், அதாவது சோமுவா வச்சிருந்தவங்க, ஜெர்மன் ஜெனரல் ஹோப்னரோட ரெண்டு பான்சர் டிவிஷனோட மோதுனாங்க. 21ம் தேதி அராஸ்ல பிரிட்டிஷ் மட்டில்டா டேங்குகள் ஜெர்மன் ஜெனரல் ரொம்மலோட டிவிஷன் மேல விழுந்து, கடைசில 88 மில்லிமீட்டர் விமான எதிர்ப்பு பீரங்கிய கீழ சாய்ச்சுதான் நிறுத்த வேண்டியதாச்சு. எல்லாமே சில கிலோமீட்டர் மேப்ல அடங்குற சண்டை.

ஆனா ஒரு பெரிய ஓட்டை இருக்கு, அதையும் மறைக்கக் கூடாது. ஆடுறவன் மேல இருந்து எல்லாத்தையும் பாக்குறான், ரேடியோ இல்லாத ஆர்35க்கும் அதே செகண்ட்ல ஆர்டர் போட்டுர்றான், அப்புறம் கொடி எதுக்கு, ரேடியோ எதுக்கு? பழைய எஞ்சின்ல இதுக்கு வழி இருந்துச்சு, ஆர்டர் குடுத்தா சில செகண்ட் தாமதமாத்தான் கிளம்புவாங்க, பார்பரோசா டு பெர்லின்ல ரஷ்யப் படைக்கு வழிய வளைச்சு வளைச்சு நிறைய புள்ளி வச்சா அந்தத் தாமதம் இன்னும் ஏறும், அதனால 1941 ரஷ்யனா ஆடும்போது நேர்கோட்டுல மட்டும் யோசிக்கப் பழகிருவோம். புது எஞ்சின்ல அத எடுத்துட்டாங்க. 1940க்குப் போறதுன்னா அது திரும்பி வரணும், இது இல்லாம பிரான்ஸ் வந்தா எனக்கு அரை சந்தோஷம்தான். என் ஃப்ரெண்டுக்கு அந்தத் தாமதம் சுத்தமா புடிக்காது, எங்களுக்குள்ள பெரிய சண்டையே இதுலதான்.

1973 கோலான், இஸ்ரேலும் சிரியாவும் மோதுன மேட்டு நிலம், ரெண்டாவது. வேலை ரொம்பக் குறைவு, சின்ன கம்பெனிக்கு அது முக்கியம். டி-55, டி-62 டேங்குகள், பிஎம்பி-1 கவச வண்டி, டேங்க அடிக்குற சாகர் ஏவுகணை எல்லாம் ஷாக் ஃபோர்ஸ்ல சிரியப் படைக்கு ஏற்கனவே செஞ்சு வச்சிருக்காங்க, அமெரிக்க எம்60 டேங்கும் எம்113 கவச வண்டியும் இதே வரிசைல வந்த கோல்ட் வார் கேம்ல இருக்கு. இங்கயும் பாக்குறதுதான் கதை. இஸ்ரேலோட செஞ்சுரியன் டேங்க் பீரங்கிய நல்லாக் கீழ சாய்க்கும், பத்து டிகிரி வரைக்கும், அதனால மேட்டுக்குப் பின்னாடி உடம்ப மறைச்சுக்கிட்டு டரட்ட மட்டும் காட்டி சுடலாம், டி-55க்கு அதுல பாதிதான், அதே மேட்டுல அது மொத்த உடம்பையும் காட்டணும். ராத்திரியானா நிலைமை தலைகீழ், சிரியர்கள்கிட்ட இருட்டுல பாக்க இன்ஃப்ராரெட் இருக்கு, இஸ்ரேல் டேங்குகள்ல பெரும்பாலும் இல்ல, பகல்ல ராஜாவா இருந்தவன் ராத்திரி சத்தத்த வச்சு எதிரி எங்கன்னு தேடணும். ஒரே மேப்ல பகலும் ராத்திரியும் ஆடிப் பாக்க எனக்கு ரொம்ப ஆசை. அதே போர்ல எகிப்துக்கு எதிரான சினாய் பக்கம் அக்டோபர் 8ம் தேதி இஸ்ரேல்காரங்க இன்ஃபன்ட்ரி (காலாட்படை) துணைக்கு இல்லாம டேங்க மட்டும் ஓட்டி, மணல்ல பதுங்கியிருந்த எகிப்திய சாகர்காரங்ககிட்ட மாட்டுனது இன்னொரு பாடம். பிரான்ஸுக்குப் பின்னாடி இத வைக்குறது ஒரே காரணத்துக்காக, கோல்ட் வாரும் ஷாக் ஃபோர்ஸும் இந்த மாதிரி தூரத்துல டேங்கும் ஏவுகணையும் மோதுறத ஏற்கனவே நல்லா காட்டிருச்சு, 1940 தர்ற புதுசு இதுல இல்ல.

கொரியாவையும் சிலர் சொல்றாங்க, 1951 கோடைக்கு அப்புறம் அது பெரும்பாலும் மலையும் பதுங்குகுழியுமா போயிருது, எனக்குப் பெரிய ஈர்ப்பு இல்ல.

கோஹிமாதான் மனசுக்கு நெருக்கம். 1944 ஏப்ரல், டெபுடி கமிஷனர் பங்களாவோட டென்னிஸ் கோர்ட், ஒரு பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படை, மறுபக்கம் ஜப்பான்காரன், நடுவுல கோர்ட் அகலம், கையெறி குண்ட பந்து மாதிரி வீசிக்கிட்டாங்க. மே 13ல ஒரு லீ டேங்க மலைச்சரிவுல இழுத்து இறக்கி அந்த கோர்ட்டுக்கே கொண்டு வந்து, சில கெஜ தூரத்துல பங்கர்கள சுட்டாங்க. இம்பால் பக்கம் நுங்ஷிகும் மலைல ஏப்ரல் 13ம் தேதி லீ டேங்குகள் டோக்ரா இன்ஃபன்ட்ரியோட உச்சிக்கு ஏறுச்சு, பிரிட்டிஷ் ஆஃபீசர் அத்தன பேரும் செத்துட்டாங்க இல்ல காயம், சுபேதார் ரண்பீர் சிங்கும் ஒரு சார்ஜென்ட் மேஜரும்தான் சண்டைய முடிச்சாங்க. எதிர்ப்பக்கம் ஜப்பான்காரன்கூட ஐஎன்ஏவும், அதாவது நேதாஜியோட இந்திய தேசிய ராணுவமும், அந்த முனைக்கு வந்துச்சு, மலாயா தோட்டங்கள்ல இருந்து அந்தப் படைல சேந்த தமிழர்கள் நிறைய, அதனால இது எனக்கு வெறும் மேப் இல்ல. ஆனா எஞ்சின யோசிச்சா தயங்குறேன், நெருங்குன காடு, மண்ணுக்கு அடில தோண்டுன பங்கரும் சுரங்கமும், பரவுற தீ, இதெல்லாம் இந்த எஞ்சினோட பலம் இல்ல, பாதி வெந்ததா வர்றதவிட வராம இருக்குறது மேல்.

கடைசியா 1965 பஞ்சாப், இந்தியா-பாகிஸ்தான் போர். இத சொன்னா வெளிநாட்டுல யார் வாங்குவான்னு கேப்பாங்க, தனி கேமா வித்தா கஷ்டம்தான், ஒத்துக்குறேன். ஆனா கோலான் வந்தா செஞ்சுரியன் வரும், சினாய்க்காக அமெரிக்க பேட்டன் டேங்கும் வரும், உடம்பு ரெடி, பீரங்கிய மாத்துனா பஞ்சாபுக்கு ஒரு மாட்யூல், அதாவது கூடுதல் பாகம், போடலாம், ஷெர்மன் டேங்க் நார்மண்டி கேம்லயே இருக்கு. செப்டம்பர் 8ல இருந்து 10 வரைக்கும் அசல் உத்தர் சண்டை, கெம் கரண்ங்கற ஊர் பக்கம். பாகிஸ்தானோட முதல் கவச டிவிஷன் பேட்டன்களோட வருது, இந்தியாவோட நாலாவது மலை டிவிஷன் பின்வாங்கி குதிரைலாடம் மாதிரி வளைஞ்சு உக்காந்து, வயல்கள்ல தண்ணியத் திறந்து விட்டுருச்சு. கரும்பு ஆளுயரத்துக்கு மேல, டேங்க் கமாண்டர் ஹேட்ச்சுக்கு வெளிய நின்னாலும் கரும்புத் தோகைதான் தெரியும், ரோட்ட விட்டு இறங்குனா சேறு. அந்தக் கரும்புக்குள்ள 4 கிரெனேடியர்ஸோட அப்துல் ஹமீது, ஒரு ஜீப், அதுமேல 106 மில்லிமீட்டர் ரீகாயில்லெஸ் கன், பின்னால உதைக்காத டேங்க் எதிர்ப்பு பீரங்கி. சுட்டதும் பின்னாடி கிளம்புற புழுதியும் புகையுமே இடத்தக் காட்டிக் குடுத்துரும், அதனால சுட்ட உடனே இடம் மாத்தணும், மறுபடியும் சுடணும். 10ம் தேதி அந்த ஜீப்லயே உயிர விட்டாரு, பரம்வீர் சக்ரா குடுத்தாங்க.

நான் இப்ப கோல்ட் வார் கேமோட மேப் எடிட்டர்ல அந்த மாதிரி ஒரு மேப் போட்டுட்டு இருக்கேன், ரெண்டு கிலோமீட்டருக்கு ஒண்ணரை, ஒரு வாய்க்கா, ஒரு மண் ரோடு, ரெண்டு பக்கமும் இருக்குறதுலயே உயரமான பயிர். எம்60தான் பேட்டனுக்குப் பதில், ஜீப்புக்கு எத வைக்குறதுன்னு இன்னும் முடிவாகல. சும்மா சோதிச்சுப் பாக்க முதல் டர்ன் என் ஃப்ரெண்டுக்குப் போயிருக்கு, அவன் இன்னும் ஃபைல் அனுப்பல.